முகராத பூ

திருவாரூர்க் கோயிலில் ஒரு பூவை முகர்ந்ததற்காக ஓர் அரசியின் மூக்கு அறுபட்டது. பெரியபுராணம் சொல்லும் கதை. பல்லவ மன்னர் கழற்சிங்கர் தேவியோடு தரிசனத்துக்கு வருகிறார். பிராகாரத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே பூத்தொடுக்கும் மண்டபத்தின் பக்கம் போன அரசி, கீழே விழுந்து கிடந்த ஒரு பூவை எடுத்து மோந்துவிடுகிறாள். கண்ட செருத்துணையார் என்ற சிவனடியார் பாய்ந்து வந்து மூக்கை அறுத்துவிடுகிறார். அலறல் கேட்டு ஓடிவந்த மன்னர் விவரத்தைக் கேட்டார். பூவை எடுத்தது கை, ஆகவே முதல் தண்டனை கைக்குத்தான் என்று வாளை உருவினார். இருவருமே அறுபத்து மூன்று நாயன்மார்களில் சேர்ந்துவிட்டார்கள். அரசியைப் பற்றி யாரும் அதிகம் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

இந்தக் கதைக்கு நியாயம் கற்பிக்கும் உத்தேசம் எனக்கு இல்லை. படிக்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிற கதை அது. ஆனால் பூவுக்காகத் தமிழ்ப் பக்தி இலக்கியம் எவ்வளவு ரத்தம் சிந்தியிருக்கிறது என்று பார்த்தால் இந்த அரசி மட்டும் தனியாக இல்லை. கருவூரில் சிவகாமியாண்டார் என்ற முதியவர், மூச்சுக்காற்று பூவில் படக்கூடாது என்று வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, பறித்த பூவைக் கூடையில் நிரப்பித் தண்டில் மாட்டிக் கொண்டு போகிறார். சோழனின் பட்டத்து யானை அதைப் பறித்துச் சிந்திவிடுகிறது. எறிபத்தர் என்ற அடியவர் மழுவோடு வந்து யானையை வெட்டுகிறார், பாகர்களையும் விடவில்லை. பிறகு மன்னரே வந்து, ‘என்னையும் வெட்டும்’ என்று தன் வாளை நீட்டுகிற அளவுக்குக் கதை போகிறது. எல்லோரும் பிழைத்து எழுகிறார்கள், யானை உட்பட. கருவூரில் இன்றும் பூக்குடலை விழா எடுத்து இதைக் கொண்டாடுகிறார்கள்.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். பெரியபுராணம் முழுவதுமே ஒரு நந்தவனத்தில் நேர்ந்த தவறிலிருந்து முளைத்ததுதான். கயிலாயத்தில் இறைவனுக்குப் பூப்பறிக்கப் போன ஆலாலசுந்தரர், அங்கே உமைக்குப் பூப்பறிக்க வந்த கமலினியையும் அனிந்திதையையும் பார்த்து மனம் தடுமாறுகிறார். போய்ப் பூமியில் பிறந்து வாழ்ந்துவிட்டு வா என்று ஆணையாகிறது. அப்படித்தான் நமக்குச் சுந்தரர் கிடைத்தார். அவர் பாடிய திருத்தொண்டத்தொகை கிடைத்தது. அதை விரித்துச் சேக்கிழார் பாட நேர்ந்தது. பூக்கூடையைக் கையில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார், அவ்வளவுதான் குற்றம்.

இந்தக் கதைகளுக்கெல்லாம் அடியில் ஒரு விதி ஓடுகிறது. செடியை நட்டவர், தண்ணீர் விட்டவர், பறித்தவர், தொடுத்தவர், இவர்கள் யாருக்கும் பூ சொந்தமில்லை. அதைச் சூடக்கூடாது. முகரவும் கூடாது. வாழ்நாள் முழுக்க மணத்தின் நடுவிலேயே நின்றுகொண்டு அந்த மணத்தைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும். விசித்திரமான கட்டுப்பாடு. இந்தக் கட்டுப்பாடு ஒரு மனிதனை என்ன செய்யும்? என் கணிப்பில், அவனைக் கவிஞனாக்கும். மூக்குக்கு வேலை இல்லையென்றால் கண் இரட்டிப்பாக வேலை செய்யத் தொடங்கிவிடும். ஆழ்வார்களில் இருவர் தொழில்முறைத் தோட்டக்காரர்கள். இன்னொருத்தி தோட்டக்காரரின் மகள். மூவரின் பாடல்களையும் வரிசையாகப் படித்தால் தத்துவத்துக்கு முன்னால் தோட்டம்தான் கண்ணில் படுகிறது.

விடியலுக்கு முன்

நந்தவனம் என்றவுடன் ஊஞ்சலும் மயிலும் உள்ள காலண்டர் படம் ஒன்று மனத்தில் வந்துவிடுகிறது. உண்மையில் அது வேலைக்காடு. திருப்புகலூர் முருக நாயனாரின் ஒரு நாளைச் சேக்கிழார் விவரிப்பதைப் பார்த்தால் இது புரியும். பொழுது புலரும் முன்பே எழுந்து குளித்து நீறு பூசிக் கிளம்புகிறார். கோட்டுப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ, கொடிப்பூ என்று நான்கு வகையும் வேண்டும். மரக்கிளையில் பூப்பது, தரைச்செடியில் பூப்பது, குளத்தில் பூப்பது, படர்கொடியில் பூப்பது. ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனிக் கூடையில் சேர்க்கிறார். பிறகு உட்கார்ந்து தொடுக்கிறார். தண்டில் வைத்துக் கட்டினால் கண்ணி. காம்போடு காம்பு சேர்த்தால் பிணையல். இண்டை வேறு, தொங்கல் வேறு. ஒரு பூவுக்கு ஏற்ற கட்டு இன்னொன்றுக்கு ஆகாது. செருந்தியைக் கட்டுகிற மாதிரி மல்லிகையைக் கட்டினால் காம்பு நசுங்கிவிடும். அறுபத்து மூவரில் ஒருவராக அவர் ஆனதற்குப் பெரும்பகுதி காரணம் இந்த வேலைதான்.

காலக் கணக்கு மிக முக்கியம். மல்லிகையும் முல்லையும் மாலையில் விரிகிறவை. விடியலில் மொக்காகப் பறித்தால்தான் சாயங்காலப் பூசையில் அவிழும். வெயில் ஏறிய பிறகு பறித்த மொக்குக் கூடைக்குள்ளேயே வாடிவிடும். பவளமல்லி இரவில் பூத்து விடிவதற்குள் தானாக உதிர்ந்துவிடுகிறது. கீழே விழுந்த பூ ஆகாது என்ற விதிக்கு அது ஒன்றுதான் விலக்கு என்பார்கள். பெரியவர்கள் இயற்கையோடு சண்டைபோட்டுத் தோற்று எழுதிய விலக்கு அது என்று நினைக்கிறேன். துளசியை இரவில் பறிக்கக்கூடாது, துவாதசியன்று தொடக்கூடாது. சாத்திரமாகச் சொல்லப்பட்டாலும் செடிக்கு அது ஓய்வுநாள். கார்த்திகைக் கடைசியில் மல்லிகைக்குத் தண்ணீரை நிறுத்திக் கவாத்து செய்ய வேண்டும். கூசாமல் வெட்ட வேண்டும்; புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் இங்கேதான் கை நடுங்கி நின்றுவிடுவார்கள். மார்கழி முழுவதும் அது வெறும் குச்சியாக நிற்கும். மாசி, பங்குனியில்தான் புதுத் தளிரில் அரும்பு கட்டும்.

இடுப்பு ஒடியும் வேலை. கமலை இறைக்க வேண்டும், பாத்திக்கு மடை திருப்ப வேண்டும், களை எடுக்க வேண்டும், துறட்டி கொண்டு செண்பகத்தை வளைக்க வேண்டும். சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘திருநந்தவனப்புறம்’ என்று நிலம் விட்டுக்கொடுத்த செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. பூச்செடி வைக்கவும், அதைப் பார்த்துக்கொள்கிறவர்களின் சோற்றுக்கும் உடுப்புக்கும் ஆக ஒதுக்கிய நிலம். சந்திர சூரியர் உள்ளவரை இது செல்லும் என்று முடியும். கல்லில் வெட்டிய அந்தக் கணக்கை எழுதியவர்களுக்குத் தோட்டம் தானாக வளராது என்பது தெரிந்திருந்தது.

திருவரங்கத்துக் கூடை

மண்டங்குடியில் பிறந்த விப்ரநாராயணர் திருவரங்கத்தில் நந்தவனம் வைத்து அரங்கனுக்கு மாலை கட்டித் தந்தவர். தொண்டரடிப்பொடி ஆழ்வார் என்று நமக்குத் தெரியும். தேவதேவி என்ற பெண் அவரது தோட்டத்துக்கு வந்து வேலைக்குச் சேர்ந்து அவரை மயக்கியதும், பொன்வட்டில் திருட்டுப் பழி விழுந்ததும், அரங்கனே வந்து மீட்டதும் குருபரம்பரைக் கதைகளில் விரிவாக இருக்கிறது. சினிமாவும் நாடகமும் அந்தப் பகுதியைத்தான் பிடித்துக்கொண்டன. எனக்கு அதைவிட அவருடைய திருப்பள்ளியெழுச்சிதான் சுவாரசியம். பத்தே பாட்டு. அது ஒரு தோட்டக்காரரின் காலைநேரக் குறிப்பேடு.

கவனித்துப் படித்தால் ஒளி எப்படி மாறுகிறது என்பது படிப்படியாகப் பதிவாகியிருக்கிறது. கிழக்கில் சூரியன் எட்டிப்பார்க்கிறான், பூக்களில் தேன் ஒழுகுகிறது. கீழ்க்காற்று முல்லையைத் தொட்டுக்கொண்டு வருகிறது. தாமரைப் படுக்கையில் தூங்கிய அன்னங்கள் பனியில் நனைந்த சிறகை உதறி எழுகின்றன. நட்சத்திரங்கள் மங்குகின்றன. பாக்கு மரத்தின் பாளை வெடித்த மணம் காற்றில் ஏறுகிறது. மேய்ப்பர்களின் குழல், எருதுகளின் மணியோசை. கடைசிப் பாட்டுக்கு வரும்போது காவிரியில் குளித்த பெண்கள் கூந்தலைப் பிழிந்துவிட்டுக் கரையேறிவிட்டார்கள், நன்றாக விடிந்துவிட்டது. அங்கே துளசி மாலையும் கூடையும் தோளில் விளங்க ஓர் ஆள் வந்து நிற்கிறார். அவர்தான் பாட்டைப் பாடுகிறவர்.

பாக்குப் பாளையின் மணத்தைக் கவிதைக்குள் கொண்டுவர முடிந்தவர் அந்த நேரத்தில் வெளியே நின்றிருக்க வேண்டும். பாளை வெடிப்பதும் அதன் மென்மையான வாசனை ஈரக்காற்றில் தங்குவதும் சிறிது நேரத்து விவகாரம். வெயில் வந்தால் போய்விடும். படுக்கையில் இருந்து எழுதிய கவிஞருக்கு அது கிடைக்காது. இன்றுவரை திருவரங்கம் தொடங்கிப் பெருமாள் கோயில்கள் பலவற்றில் விடியற்காலை இந்தப் பாட்டுதான் ஒலிக்கிறது. கடவுளை எழுப்ப நினைத்தவர்கள் ஒரு தோட்டக்காரரின் பாட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் விழித்திருக்கும் பழக்கம் வேறு யாருக்கு இருந்தது!

வில்லிபுத்தூரில் விஷ்ணுசித்தர். பெரியாழ்வார். பாண்டியன் சபையில் வாதம் செய்து பொற்கிழி பெற்றார் என்று கதை இருந்தாலும், அவருடைய அன்றாடம் பூத்தோட்டமும் பூக்குடலையும்தான். தன்னை யசோதையாக வைத்துப் பாடியவர். குளிப்பாட்டினார், காது குத்தினார், நிலாவைக் காட்டினார், பூச்சூட்டவும் செய்தார். அந்தப் பூச்சூட்டல் பதிகத்தில் ஒவ்வொரு பாட்டிலும் ஒரு பூவைச் சொல்லிக் கண்ணனைக் கூப்பிடுகிறார். செண்பகம், மல்லிகை, பாதிரி, தமனகம், மரு, செங்கழுநீர், புன்னை, குருக்கத்தி, இருவாட்சி, கருமுகை. அடுக்கிப் பாருங்கள்: மரத்துப் பூ, கொடிப்பூ, குளத்துப் பூ, தரையில் வளரும் வாசனைத் தழை என்று நான்கு வகையும் வந்துவிட்டது. எதுகைக்காகப் பொறுக்கிய பெயர்களாக எனக்குத் தோன்றவில்லை. இவையெல்லாம் ஒரே நாளில் பூக்கவும் மாட்டா. பதிகத்துக்குள் பல மாதங்கள் அடங்கியிருக்கின்றன. ஒரு தாய் பிள்ளையைத் துரத்திக்கொண்டே இருக்கிறாள், அவன் கன்றுகளின் பின்னால் வெயிலில் ஓடிக்கொண்டே இருக்கிறான். அவள் கையில் பூ மட்டும் மாறிக்கொண்டே வருகிறது.

அந்தத் தாயின் குரலுக்குள் தோட்டக்காரரின் தவிப்பும் கேட்கிறது. பறித்த பூவுக்கு ஆயுள் கொஞ்சம். இன்றைக்குச் சூட்டாவிட்டால் நாளைக்கு அது குப்பை. ‘வா, சீக்கிரம் வா’ என்று கண்ணனை அழைக்கும் அவசரத்தில் பாதி அன்பு, பாதி தொழில் பயம்.

அதே பூ, வேறு தீர்ப்பு

இந்த வீட்டில்தான் ஆண்டாள் என்று நாம் அழைக்கும் கோதை வளர்ந்தாள். துளசிப் பாத்தியில் கிடைத்த குழந்தை என்கிறது மரபு. ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில் நந்தவனத்தில் அந்த இடத்தை இன்றும் காட்டுகிறார்கள். ஆடிப்பூரம் அவள் பிறந்தநாள். அவள் செய்த காரியம் ஊரறிந்தது: பெருமாளுக்கென்று அப்பா கட்டிவைத்த மாலையைத் தான் சூடிக் கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பிறகு கூடையில் வைத்தாள். ஒருநாள் மாலையில் ஒரு தலைமுடி. அப்பா பதறிப்போய் வேறு மாலை கட்டுகிறார். இரவில் பெருமாள் கனவில் வந்து, எனக்கு அவள் சூடிக் கொடுத்ததுதான் வேண்டும் என்று சொல்லிவிடுகிறார்.

உதிர்ந்து கிடந்த ஒற்றைப் பூவை மோந்தவளுக்கு மூக்குப் போயிற்று. முழு மாலையையும் தினமும் கழுத்தில் போட்டுப் பார்த்தவள் தெய்வமானாள். சைவம், வைணவம் என்ற வித்தியாசத்தால் இதை விளக்கிவிடலாம் என்றால் முடியாது. விதி இரண்டு பக்கமும் ஒன்றேதான். பெரியாழ்வாரின் பதற்றமே அதற்குச் சாட்சி. கடவுளின் விருப்பம் என்று பக்தர்கள் சொல்வார்கள், அவர்களுக்கு அது போதும். நான் தோட்டத்தின் பக்கத்திலிருந்து ஒரு காரணம் சொல்லிப் பார்க்கிறேன். அரசி விருந்தாளி, அந்தப் பூ எந்தச் செடியில் பூத்தது என்றுகூட அவளுக்குத் தெரியாது. கோதை அந்தத் துளசிக்குத் தண்ணீர் விட்டவள். பறிக்கிற நேரம், தொடுக்கிற முறை, தொடக்கூடாத நாள் எல்லாம் அவளுக்குப் பாடம். விதியை முழுக்க அறிந்தவள் மீறுவதற்கும் அறியாதவள் இடறுவதற்கும் எடை வேறு. மரபு இந்தக் காரணத்தை எங்கும் சொல்லவில்லை, இது என் வாசிப்புதான்.

அவளுடைய பாட்டில் செடிகள் அலங்காரத்துக்கு வருவதில்லை. சண்டைக்கு வருகின்றன. நாச்சியார் திருமொழியில் மழைக்காலம் வந்துவிட்டது. கோடல் பூத்திருக்கிறது, தோன்றி தீப்பிடித்தது போல நிற்கிறது, கோவைக்கொடியில் பழம் சிவந்திருக்கிறது, முல்லை சிரிக்கிறது. ஒவ்வொன்றையும் கூப்பிட்டு வைத்து அவள் கேள்வி கேட்கிறாள். என்னோடு போர் செய்ய உங்களை அனுப்பிய ஆள் எங்கே? கோவையிடம், உன் பழத்தின் சிவப்பைக் காட்டி என் உயிரை வாங்காதே என்கிறாள். முல்லையிடம் கெஞ்சுகிறாள், அதுவும் ஒரு பெரிய வீட்டுப் பெண்ணிடம் பேசும் மரியாதையோடு. வேறொரு பதிகத்தில் கருவிளையும் காயாவும் அவனுடைய நிறத்தை எடுத்துக்கொண்டு பூத்து நிற்பதைக் கண்டு, நான் தப்பிக்க வழி சொல்லுங்கள் என்று அவற்றிடமே முறையிடுகிறாள். மழைக்குப் பின் தரையெங்கும் ஊரும் சிவந்த தம்பலப்பூச்சிகளும் அந்தப் பதிகத்தில் உண்டு. நகரத்துப் பிள்ளைகள் பலர் அந்தப் பூச்சியைப் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

திருப்பாவையிலும் ஒரு தோட்டக்காரத் தடயம் இருக்கிறது. எழுந்திருக்காத தோழியிடம் விடிந்துவிட்டது என்பதற்கு அவள் காட்டும் ஆதாரங்களில் ஒன்று, அந்தத் தோழியின் வீட்டுப் புழக்கடைக் குளம். செங்கழுநீர் மலர்ந்துவிட்டது, ஆம்பல் கூம்பிவிட்டது. ஒன்று பகலில் திறப்பது, மற்றது இரவில் திறப்பது. இரண்டும் கடமை மாற்றிக்கொள்ளும் அந்தச் சில நிமிடங்கள்தான் விடியல். கோழி கூவியதா, சூரியன் வந்ததா என்று பார்ப்பது எல்லோரும் செய்வது. கொல்லைப்புறக் குளத்தைப் பார்த்து மணி சொல்வது தோட்டத்தில் வளர்ந்தவளுக்குத்தான் தோன்றும்.

அவள் மீறல் இப்போது முறையாகிவிட்டது. புரட்டாசி பிரம்மோற்சவத்துக் கருடசேவைக்கு அவள் சூடிய மாலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து திருமலைக்குப் போகிறது. சித்திரையில் வைகையில் இறங்கும் கள்ளழகருக்கும் போகிறது. கூடை, குடை, மேளம், அதிகாரிகள், வண்டி என்று எல்லா ஏற்பாட்டோடும். ஒரு சிறுமி கதவைச் சாத்திக்கொண்டு ரகசியமாகச் செய்த காரியத்துக்கு இன்று நேர அட்டவணை இருக்கிறது.

கடப்பாரைக்காரர்

திருமலைக்கும் ஒரு தோட்டக்காரர் உண்டு. இராமாநுசர் திருவரங்கத்தில் திருவாய்மொழி சொல்லிக்கொண்டிருக்கும்போது, மலைமேல் தங்கிப் பூத்தொண்டு செய்ய யார் போகிறீர்கள் என்று கேட்கிறார். அந்தக் காலத்துத் திருமலை குளிரும் காடும். எல்லோரும் குனிந்துகொள்ள, அனந்தாழ்வான் எழுந்து நிற்கிறார். போனார், ஏரி வெட்டினார், நந்தவனம் போட்டார், அதற்கு ஆசிரியரின் பெயரையே வைத்தார். ஏரி வெட்டும்போது கர்ப்பிணி மனைவி மண் சுமக்கிறாள். இரக்கப்பட்டு ஒரு சிறுவன் உதவ வருகிறான். இந்தத் தொண்டில் பங்கு கேட்க நீ யார் என்று கோபத்தில் கடப்பாரையை எறிகிறார் அனந்தாழ்வான். அது சிறுவனின் மோவாயில் படுகிறது. பிறகு பார்த்தால் கருவறையில் வேங்கடவனின் மோவாயில் ரத்தம். பச்சைக் கற்பூரத்தை வைத்து அழுத்துகிறார். மூலவரின் மோவாயில் இன்றும் அந்த வெள்ளைப் பொட்டு; அந்தக் கடப்பாரை என்று கோயில் நுழைவாயிலில் ஒன்று மாட்டப்பட்டிருக்கிறது.

இன்னொரு கதை இதைவிட வேடிக்கை. இரவில் யாரோ நந்தவனத்துக்குள் புகுந்து பூக்களை நாசம் செய்கிறார்கள். அனந்தாழ்வான் ஒளிந்திருந்து பிடிக்கிறார். ஓர் இளம் தம்பதி. ஆண் தப்பி ஓடிவிட்டான், பெண்ணை மரத்தில் கட்டிவைத்தார். விடிந்ததும் பார்த்தால் கோயிலில் தாயாரைக் காணோம் என்று கலவரம். கட்டப்பட்டவள் யார் என்பது தெரிந்து, அவளைப் பூக்கூடையில் வைத்துச் சுமந்துபோய்ச் சேர்த்தார் என்பார்கள். பெருமாள் ஓடியது கோயிலை இடமாகச் சுற்றி. அதனால் பிரம்மோற்சவம் முடிந்த மறுநாள் நடக்கும் பாக் சவாரியில் மலையப்ப சுவாமி இடமாகவே சுற்றி அனந்தாழ்வானின் தோட்டத்துக்கு எழுந்தருளுகிறார். பூ விதியில் கடவுளுக்கும் சலுகை கிடையாது. காலை நடைக்கு வந்து, கையில் பாலித்தீன் பையோடு, அடுத்தவர் காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே நீட்டியிருக்கும் நந்தியாவட்டையைச் ‘சாமிக்குத்தானே’ என்று உருவிக்கொண்டு போகிறவர்கள் இந்தக் கதையை ஒருமுறை படிக்கலாம்.

நட்டவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். பிடுங்கியவர் ஒருவர் இருக்கிறார். அப்பர் என்கிற திருநாவுக்கரசர். எந்தக் கோயில் சிலையிலும் அவரை அடையாளம் காட்டுவது அவர் தோளில் சாய்த்திருக்கும் உழவாரப்படை. புல் செதுக்கும் கருவி. தேவாரம் பாடிய மூவரில் கையில் கருவியோடு நிற்பவர் அவர் ஒருவர்தான். வாழ்வின் கடைசிக் காலத்தை அவர் கழித்தது, மேலே சொன்ன முருக நாயனாரின் திருப்புகலூரில். அவர் செதுக்கும் இடமெல்லாம் பொன்னும் மணியும் கிடக்கும்படி இறைவன் செய்தாராம். அப்பர் அவற்றைக் கல்லோடும் புல்லோடும் சேர்த்து வாரிக் குளத்தில் எறிந்தார். களை எடுத்துப் பழகியவர்களுக்கு இதன் அருமை தெரியும். உட்கார்ந்து செதுக்கத் தொடங்கிச் சிறிது நேரம் ஆனதும் கண்ணுக்கு இரண்டே வகைதான்: இருக்க வேண்டியது, போக வேண்டியது. அந்த மனநிலையில் தங்கம் வந்தால் அதுவும் போக வேண்டிய பட்டியலில்தான் சேரும். தியானம் பற்றிய பல புத்தகங்களைவிட இந்த ஒரு கதை எனக்குத் தெளிவாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மண்வெட்டியும் அரிவாளுமாகப் பாழடைந்த கோயில்களுக்குக் கிளம்பும் உழவாரப்பணிக் குழுக்கள் அவர் பெயரில்தான் இயங்குகின்றன. கோபுரத்தில் வேர்விட்ட அரசங்கன்றைப் பிடுங்குவதில் ஆன்மிகம் என்ன இருக்கிறது என்று அவர்களில் யாரிடமும் கேட்க வேண்டாம். வேலை நேரத்தில் அவர்களுக்குப் பேசப் பிடிக்காது.

நந்தவனத்திலிருந்து பிறக்கும் கலை பாட்டு மட்டுமல்ல. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் கையில் இருக்கும் கிளி தினமும் புதிதாகச் செய்யப்படுகிறது. மரவள்ளி இலையில் உடல், மாதுளம்பூவில் அலகு, காக்காப்பொன்னில் கண், கட்டுவதற்கு வாழைநார். பரம்பரையாகச் செய்கிறவர்கள் பல மணி நேரம் உட்கார்ந்து செய்கிறார்கள். ஓர் இரவு அவள் கையில் இருந்துவிட்டு மறுநாள் யாராவது ஒரு பக்தருக்குப் பிரசாதமாகப் போய்விடும். கையெழுத்துப் போடாமல், காட்சிக்கு வைக்காமல், ஒரு நாளுக்கு ஒன்று.

கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளையில் மாணிக்கமாலை கட்டுகிறார்கள். வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை. இவற்றை மடித்து மடித்து அடுக்கினால் தூரத்திலிருந்து கல் பதித்த நகை போலத் தெரியும். 2025இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மதுரை மல்லிக்கு 2013இலேயே கிடைத்துவிட்டது. கட்டுகிற கைகளுக்கு அதனால் கூலி கூடியதா என்பது தனிக்கட்டுரைக்கான விஷயம்.

இப்போது பெரும்பாலான கோயில்களுக்குப் பூ லாரியிலும் பஸ்ஸிலும் வருகிறது. தோவாளை, நிலக்கோட்டை, திண்டுக்கல் சந்தைகளிலிருந்து மூட்டையாக. நந்தவனம் என்ற பலகை இருக்கும், உள்ளே வாகனங்கள் நிற்கும். அல்லது அழகுக்குப் புல்தரையும் குரோட்டன்ஸும் இருக்கும், சாமிக்குப் போட ஒரு பூ இருக்காது. சில ஊர்களில் அறநிலையத் துறையும் பக்தர்களும் சேர்ந்து மீண்டும் பாத்தி கட்டத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் இந்த முயற்சிகளில் ஒரு குறை திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. செண்பகக் கன்று வாங்கித் தர ஆள் இருக்கிறார்கள். கன்றைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொள்ள நிறையவே இருக்கிறார்கள். தொட்டி, குழாய், சொட்டுநீர் எல்லாவற்றுக்கும் உபயதாரர் பெயர் எழுதிய பலகை உண்டு. சித்திரை வெயிலில் அந்தக் கன்றுக்குத் தண்ணீர் விட்டு, விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பூப்பறிக்கும் ஆளுக்கு மாதச் சம்பளம் என்ன, அதை யார் தருவது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் நந்தவனப்புறம் எழுதி வைத்தவர்கள் செடிக்கு எழுதிய அதே வரியில் தோட்டக்காரரின் நெல்லையும் எழுதினார்கள்.